என் வீட்டில் தூசியா?

உக்காரு சாரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு. காப்பி போடுறேன், வேண்டாம்னு சொல்லாத. இன்னைக்கு மனுஷ முகம் பாக்கிறதே இப்பத்தான்.

ஜன்னல் மாத்த ஆள் வேணும், அதானே? நம்பர் தர்றேன். டெஸ்மண்டுன்னு ஒருத்தன், கயானாக்காரன். வேலை நல்லா செய்வான், வாய்தான் ஜாஸ்தி. ஆனா அவனைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நான் பட்டதைக் கேட்டுட்டுப் போ. நீ வாங்கியிருக்கிறது எந்த வருஷத்து வீடு? ஐம்பதுகள்ல கட்டினதா? சரியாப் போச்சு. அதுல பாதியை வாடகைக்கு வேற விடப் போற. உனக்கு இருக்கு.

எழுபத்தெட்டுக்கு முன்னாடி இந்த நாட்டுல வீட்டுக்கு அடிச்ச பெயிண்டுல ஈயம் கலந்திருக்குமாம். அந்தப் பெயிண்டு பொடியாகி, தூசியாகி, குழந்தைங்க கையில ஒட்டி, கை வாய்க்குப் போயி, ரத்தத்துல கலக்குமாம். நான் கேட்டேன், ஏம்ப்பா, எங்க சாத்தூர் வீட்டுல ஈயச்சொம்புல ரசம் வச்சுத்தானே அம்புட்டுப் பேரும் வளந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சுன்னு. அது வெள்ளீயம், இது காரீயம்னு மேல குடியிருக்கிற பையன் இளமுருகன் எனக்குப் பாடம் எடுத்தான். ஈயத்துல என்ன வெள்ளை, கருப்பு? எனக்கு அப்பவே கோவம்.

இந்த வீடு நூறு வருஷத்து வீடு. நாங்க வாங்கும்போது என் பையன் தவழுற பிள்ளை. கீழ நாங்க, மேல வாடகை. உங்க அங்கிள் இருந்தவரைக்கும் ஜன்னல் பெயிண்டை என்னைத் தொட விடமாட்டார். "கெட்டியாத்தானே இருக்கு, இருக்கிறது இருக்கட்டும், கிளறாத தனம்"னு சொல்லிடுவார். சோம்பேறித்தனம். பாவம், போய்ச் சேந்துட்டார், அவரை ஏன் இப்ப சொல்லணும்.

அவர் போன பெறகு வீட்டைப் பாக்கிறது அம்புட்டும் நான்தான். ஒத்தைப் பொம்பளை. யாரையும் ஒரு கையெழுத்துக்குக் கூட எதிர்பாக்கல. வீடு எப்படி இருக்கும் தெரியுமா? காலையில ஒரு தடவை கூட்டுவேன், விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டுவேன். வேக்குவம் எனக்குப் பிடிக்காது, அது கத்துற கத்துல சாமிக்கே தலை வலிக்கும். ஊர்ல இருந்து கொண்டுவந்த பூந்துடைப்பம். சர்ரு சர்ருன்னு மூலை மூலையா இழுத்தேன்னா, நீ இந்தத் தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம். கேட்டுப் பாரு, இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேளு.

அந்த வீட்டைப் பாத்துத்தான் சாரு, தூசின்னு எழுதிட்டாங்க.

கயலை உனக்குத் தெரியும்ல? கோயில்ல பாத்திருப்ப. ஒல்லியா, கண்ணாடி போட்டு. அவளும் அவ புருஷன் இளமுருகனும் மேல குடிவந்தப்போ அவ முழுகாம இருந்தா. மசக்கைக்கு மாங்கா ஊறுகாயில இருந்து பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடு வரைக்கும் நான்தான். அவ அம்மாவுக்கு விசா கிடைக்கல. ஆஸ்பத்திரியில இருந்து குழந்தையைக் கொண்டுவந்து முதல்ல என் மடியிலதான் வச்சா. ஆதிரைன்னு பேர் வச்சாங்க. அவ மறுபடி வேலைக்குப் போக ஆரம்பிச்ச நாள்ல இருந்து பகல் பூரா குழந்தை இங்கதான். காசு குடுக்குறேன்னா. என் வாயைக் கிளறாத, போயிட்டு வான்னு சொன்னேன்.

நம்ம ஊர்ல போகிக்கு என்ன செய்வோம்? ஒட்டடை அடிச்சு, பழசைக் கழிச்சு, வெள்ளையடிப்போம். இங்க வெள்ளையடிக்க முடியுமா? சரி, ஜன்னலாவது புதுசா இருக்கட்டும்னு அவர் தவறின வருஷத்துல இருந்து ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். அந்தப் பொங்கலுக்கு வீடு வெறிச்சுன்னு இருந்துச்சு, கை சும்மா இருக்க மாட்டேங்குது, கடைக்குப் போயி ஒரு சுரண்டியும் உப்புத்தாளும் வாங்கிட்டு வந்தேன். அதுல இருந்து வருஷா வருஷம் மார்கழி முடியுறதுக்குள்ள ஜன்னல் கட்டையில உரிஞ்சு நிக்கிற பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஒரு கோட்டு வெள்ளை அடிச்சிடுவேன். கீழயும் நான்தான், மேல வாடகை வீட்டுக்கும் நான்தான். எந்த வீட்டுக்காரி இப்படிச் செய்வா? வாடகைக்கு இருக்கிறவங்க குடுத்து வச்சிருக்கணும்.

இந்தப் பொங்கலுக்கும் அப்படித்தான் செஞ்சேன்.

குழந்தை எங்க இருந்தாளா? என் பக்கத்துலதான். வேற எங்க இருப்பா? பாயை விரிச்சு உக்கார வச்சிருந்தேன். தவழுற வயசு. உரிஞ்சு விழுந்த சில்லு ஒண்ணைக்கூட அவ கையில படவிடல, பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன், நான் என்ன புத்தி கெட்டவளா? பொடி பறக்கும்தான். பொடி பறக்காம எப்படித் தேய்க்கிறது? வெளிய பனி கொட்டுது, பச்சைப்பிள்ளையை வச்சுக்கிட்டு ஜன்னலைத் திறந்து போட முடியுமா? முடிச்சுட்டு நல்லா கூட்டி அள்ளிட்டேன். அவ தலையெல்லாம் வெள்ளையா இருந்துச்சு, குட்டிக் கிழவி மாதிரி. போட்டோ எடுத்துக் கயலுக்கு அனுப்பினேன். அவளும் சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பினா. சிரிச்சா, சாரு! அன்னைக்குச் சிரிச்சவதான்.

ஒரு வயசு ஆனதும் இங்க குழந்தைங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாப்பாங்கல்ல. எடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒருநாள் சாயங்காலம் கயல் கீழ வந்தா. நான் கொழுக்கட்டைக்கு மாவு கிண்டிக்கிட்டு இருக்கேன். இடுப்புல குழந்தையோட கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, உள்ள வரல.

"ஆன்ட்டி, ஆதிரை ரத்தத்துல ஈயம் இருக்காம்."

"ரத்தத்துல இரும்பு இருக்கணும்பாங்க, ஈயம் எங்கிட்டிருந்து வரும்? வேற யார் ரத்தத்தையாவது பாத்துச் சொல்லியிருப்பான். போயி மறுபடி எடுக்கச் சொல்லு."

"மறுபடி எடுத்துட்டாங்க ஆன்ட்டி. ரெண்டாவது தடவையும் அதே மாதிரிதான்."

"அப்ப அவன் மெஷின்ல கோளாறு."

அவ குழந்தையை எடுத்துக்கிட்டு மேல போயிட்டா. நான் கிண்டின மாவு அடிப்பிடிச்சுப் போச்சு.

டாக்டர் அதை டவுன் சுகாதார ஆபீசுக்குச் சொல்லியாகணுமாம். சொல்லிட்டார். அங்க இருந்து ஒருத்தி வந்தா, மிஸ் ஓர்டீஸ்னு. சின்ன வயசுதான், மரியாதையாத்தான் பேசினா, அதை ஒத்துக்கணும். கையில துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதைச் சுவத்துல வச்சு அமுக்குறா, கதவுல வச்சு அமுக்குறா, பெயிண்டுக்குள்ள ஈயம் எம்புட்டுன்னு நம்பர் வருது. அப்புறம் ஈரத்துணி மாதிரி ஒண்ணை எடுத்து, தரையில அளந்து கட்டம் போட்டுத் துடைச்சு, குப்பியில அடைச்சு லேபுக்கு அனுப்புறா. மேல முடிச்சுட்டுக் கிளம்பிடுவான்னு நெனச்சேன். படியில நின்னுக்கிட்டுக் கயலைக் கேக்குறா, குழந்தை பகல்ல எங்க இருக்கும்னு.

கயல் என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன்.

"ஆன்ட்டி வீட்டுலதான்"னு சொல்லிட்டா.

பொய் சொல்லச் சொல்லல நான். ஆனா அப்படிப் பட்டுன்னு சொல்லணுமா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லக் கூடாதா? உடனே அந்த ஓர்டீஸ், உங்க வீட்டையும் பாக்கலாமான்னு கேக்குறா. வாம்மா, தாராளமா வா, என் வீட்டுல என்ன ஒளிச்சு வச்சிருக்கேன்னு உள்ள விட்டேன். மேல கயல்கிட்ட கண்மையை எடுத்திருந்தா, இங்க குங்குமத்தை எடுத்தா, என் மஞ்சப்பொடி டப்பாவில இருந்து ஒரு கரண்டி எடுத்தா. நம்ம சாமானுல எல்லாம் சில நேரம் ஈயம் இருக்குமாம். உண்மையைச் சொல்றேன் சாரு, அந்தக் கண்மையில இருந்து தொலையட்டும்னு அன்னைக்கு விளக்கேத்திக் கும்பிட்டேன். கயல் பெட்டி நிறைய வச்சிருப்பா, குழந்தைக்குக் கன்னத்துல பொட்டு வைப்பா.

ரிசல்ட் வந்துச்சு. மையில இல்ல. குங்குமத்துல இல்ல. மஞ்சப்பொடி சுத்தம். மேல தரையில கொஞ்சம், ஜன்னல்ல அதைவிடக் கொஞ்சம் கூட. கீழ, இந்தா இந்த ஜன்னல் திட்டுல, பாய் விரிக்கிற இந்தத் தரையில, அவ சொன்ன நம்பரை நான் வாயால சொல்ல மாட்டேன்.

"நீங்க எதுவும் சுரண்டினீங்களா?"ன்னு கேட்டா ஓர்டீஸ்.

"சுத்தம் பண்ணினேன்"னு சொன்னேன். அதுதானே உண்மை?

அப்பத்தான் சட்டத்தைப் பிரிச்சு வைக்க ஆரம்பிச்சா. நீயும் கேட்டுக்கோ, உனக்குத் தேவைப்படும். அளவை எல்லாம் இப்ப மாத்திட்டாங்களாம். முன்னாடி ஒரு கோடு இருந்துச்சு, அதுக்குக் கீழ இருந்தா பரவாயில்லன்னு விட்டுடுவாங்க. இப்பக் கோடே இல்ல. லேப்ல தெரியுற அளவு இருந்தாலே அது ஆபத்தான தூசிதானாம். குழந்தைக்கு இம்புட்டு ஈயம்னா பரவாயில்லங்கிற அளவே கிடையாதாம், அதனாலன்னு சொன்னா. ஆபத்துன்னு எழுதிட்டா மட்டும் வீட்டை உடைக்கணும்னு இல்லையாம், ஆனா ஒரு குழந்தை ரத்தத்துல ஏறியிருச்சுன்னா டவுன்காரங்க உத்தரவு போடுவாங்க, வீட்டுக்காரங்க சரி பண்ணியே ஆகணும். வேலை முடிஞ்சதும் தரை, ஜன்னல் திட்டு, ஜன்னல் ஓடுற பள்ளம் மூணையும் தனித்தனியாத் துடைச்சு அனுப்பணும். வேலை முடிஞ்ச வீட்டுக்குன்னு தனியா ஒரு புது அளவு இருக்காம், மூணும் அதுக்குள்ள வந்தாத்தான் உள்ள விடுவாங்க. புது அளவு பழைய அளவுல பாதி, சிலதுக்குப் பாதிகூட இல்ல.

"கண்ணுக்குத் தெரியாத தூசிக்கு ஒரு சட்டமா?"ன்னு கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாததுனாலதான் சட்டம் வேணும்"ங்கிறா.

சரிம்மா, அந்த ஜன்னலை நானே இன்னொரு தடவை நல்லா தேச்சு விட்டுடுறேன்னு சொன்னேன். அவளுக்கு முகமே மாறிடுச்சு. தொடக் கூடாதாம். வாடகைக்கு விட்ட வீட்டுல, குழந்தை புழங்குற இடத்துல பழைய பெயிண்டைக் கிளறணும்னா, வீட்டுக்குச் சொந்தக்காரியா இருந்தாலும் பயிற்சி எடுத்துச் சான்று வாங்கியிருக்கணுமாம். கூலிக்கு வர்றவனுக்கும் அதே. இது அதைவிடப் பெரிய வேலையாம், அதுக்குன்னே தனிச் சான்று வாங்கின கான்ட்ராக்டர்தான் வரணுமாம். என் வீட்டுல, என் கையால, என் ஜன்னலுக்கு வெள்ளையடிக்க நான் பள்ளிக்கூடம் போகணும்! சாத்தூர்ல எங்க அப்பா கட்டின வீட்டுக்கு நாங்க அக்கா தங்கச்சி அம்புட்டுப் பேரும் சேந்து வெள்ளையடிச்சோம், எவன்கிட்ட சான்று வாங்கினோம்?

என் பையனுக்குப் போன் போட்டேன். அவன் சியாட்டில்ல இருக்கான். நீயும் இந்த ஜன்னல் கிட்டதானேடா தவழ்ந்த, உனக்கு என்ன குறைஞ்சு போச்சு, அதை அவங்களுக்கு எழுதிக் குடுடான்னேன். அவன் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டுப் படிக்கிறான். பேச்சு வரத் தாமதமாகலாம், படிப்புல கவனம் நிக்காது, ஒருதடவை உள்ள போயி மூளையைக் கெடுத்தா கெடுத்ததுதான்னு வரிசையாப் படிக்கிறான். போதும் நிறுத்துடான்னேன். நிறுத்திட்டு ஒண்ணு சொன்னான் பாரு. "அப்போ அப்பா அந்தப் பெயிண்டைத் தொட விடலையேம்மா."

போனை வச்சுட்டேன். அதுக்கப்புறம் அவன்கிட்ட ஒரு வாரம் பேசல. பெத்த பிள்ளை பேசுற பேச்சா இது?

காப்பி சரியா இருக்கா? சர்க்கரை போதுமா?

வேலை நடக்கும்போது யாரும் உள்ள இருக்கக் கூடாதாம். கயலும் இளமுருகனும் எடிசன் டவுன்ல இருக்கிற அவ அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாங்க. நான் குழந்தைக்கு ஒரு பை நிறைய எடுத்து வச்சிருந்தேன், அவ விளையாடுற கரண்டி, துணிப்பொம்மை, அவ படுக்கிற பாய். வாசல்ல கொண்டுபோய் நீட்டினேன். கயல் வாங்கல.

"வேண்டாம் ஆன்ட்டி. அங்க எல்லாம் புதுசா வாங்கிக்கிறோம்."

"பழகின பொம்மை இல்லாம தூங்க மாட்டாடி."

"பழகிக்குவா."

அம்புட்டுதான் சொன்னா. கார்ல குழந்தை அந்தக் கண்ணாடியில கையை வச்சு என்னைப் பாக்குறா. நான் நிலையில நின்னுக்கிட்டே இருந்தேன். பத்தியம் வச்சுக் குடுத்த கை, சாரு. அந்தக் கையில இருந்து ஒரு பையை வாங்க அவளுக்கு மனசு வரல.

டெஸ்மண்டு ஆளுங்க வந்தாங்க. வெள்ளை உடுப்பு, மூக்குல கவசம், பாத்தா நிலாவுக்குப் போறவங்க மாதிரி. வீடு பூரா பிளாஸ்டிக் ஷீட்டு ஒட்டினாங்க. ஜன்னல் அம்புட்டையும் கழட்டி எடுத்தாங்க, புதுசு மாட்டினாங்க. கதவு நிலையெல்லாம் ஈரமா வச்சுத்தான் சுரண்டணுமாம், காய்ஞ்சபடியே சுரண்டக் கூடாதாம். தண்ணியை அடிச்சு அடிச்சுச் சுரண்டுறான். அதுக்கப்புறம் ஒரு பெரிய வேக்குவம், அப்புறம் ஈரத்துணி, மறுபடி வேக்குவம். நான் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல இருந்தேன். ஹோட்டல் அறை, கூட்டக்கூட ஒண்ணும் இல்ல. பைத்தியம் பிடிச்சுப் போச்சு.

தினமும் வந்து வாசல்ல நின்னு பாப்பேன். டெஸ்மண்டு அவன் பாட்டுக்குப் புலம்புவான். "இந்தப் புது அளவுக்கு நாங்க ரெண்டு மடங்கு துடைக்கணும். ஒரு ஓரத்துல தப்பினாலும் ஃபெயில். ஃபெயிலானா மறுபடி துடைக்கிறது என் தலையில." அப்பவாவது என் கட்சிக்கு ஒரு ஆள் கிடைச்சான்னு நெனச்சேன். கடைசி நாள் சாவியைக் குடுத்துட்டு அவன் சொன்னான், நாளைக்கு ஒருத்தர் வந்து தூசி எடுத்துப் பாப்பார், அதுவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதுன்னு. யாரும்னா யாரு? கண்டவங்க. வீட்டுக்காரியா?

நீயே சொல்லு. மறுநாள் ஒரு ஆபீசர் வீட்டைப் பாக்க வர்றார். அதுவும் என் வீடு அழுக்குன்னு ஏற்கனவே எழுதி வச்சிருக்காங்க. வீட்டைக் கூட்டாம கொள்ளாம அப்படியே காட்ட முடியுமா? மூணாவது மனுஷன் துடைச்சது துடைச்சதா ஆகுமா?

விடிஞ்சும் விடியாம வந்தேன். நிலவறையில வச்சிருந்த என் பூந்துடைப்பத்தை எடுத்துட்டு வந்து, கீழ இந்த மூணு அறையையும் மூலை விடாம கூட்டினேன். பழைய ஜன்னல் திரையெல்லாம் கழட்டி நிலவறையில மூட்டை கட்டி வச்சிருந்தாங்க, மொட்டை ஜன்னல் நல்லாவா இருக்கும்? அதைக் கொண்டுவந்து நல்லா உதறி மாட்டினேன். சாம்பிராணி போட்டேன். வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாண வீடு மாதிரி. மேல போகல, முழங்கால் வலி.

ரிசல்ட் என்ன வந்துச்சுங்கிற? மேல பாஸ். கீழ ஃபெயில்.

டெஸ்மண்டு வந்து நின்னான். திரையைப் பாத்தான். மூலையில சாத்தி வச்சிருந்த துடைப்பத்தைப் பாத்தான். என் பக்கம் திரும்பினான்.

"யாரு உள்ள வந்தது?"

"என் வீடு. நான்தான் வந்தேன்."

"அந்தத் துடைப்பத்தை வச்சுக் கூட்டினீங்களா?"

"கூட்டாம? நீங்க விட்டுட்டுப் போனதை யாரு கூட்டுறது?"

அவன் அப்படியே படியில உக்காந்துட்டான். ரெண்டு கையிலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு, "மேடம், அந்தத் துடைப்பத்துலயும் திரையிலயும் பல வருஷத்து ஈயம் இருக்கு, நீங்க அதை வீடு பூரா தெளிச்சிருக்கீங்க"ங்கிறான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். அவன் மேல ஒழுங்கா செஞ்சான், கீழ ஏனோதானோன்னு செஞ்சான், அதை மறைக்க என் துடைப்பத்து மேல பழி. மேல பாஸ், கீழ ஃபெயில்னா வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்? நீ படிச்சவ, சொல்லு.

ஏன் சாரு காப்பியையே பாக்கிற? சரி விடு.

என் துடைப்பத்தை எடுத்து, கனமான பிளாஸ்டிக் பையில போட்டு, வாயைச் சுத்தி டேப் ஒட்டி, பொணத்தைக் கட்டுற மாதிரி கட்டித் தூக்கிட்டுப் போனான். திரையும் போச்சு. நான் கயலுக்கு எடுத்து வச்சிருந்த பையும் போச்சு, அந்தப் பாயும் பொம்மையும் கரண்டியும். மறுபடி முதல்ல இருந்து துடைச்சாங்க. இந்தத் தடவை வாசல்ல நாற்காலி போட்டு ஒரு ஆளை உக்கார வச்சிருந்தான் அந்த டெஸ்மண்டு. யாருக்குக் காவல்? எனக்கு! ரெண்டாவது தடவை பாஸாயிடுச்சு. "பாத்தியா, ஒழுங்கா செஞ்சா ஆகுதில்ல?"ன்னு அவன் மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். அவன் சாமானைத் தூக்கி வண்டியில ஏத்தப் போயிட்டான்.

அதுக்குள்ள குழந்தைக்கு மறுபடி ரத்தம் எடுத்திருந்தாங்க. கயல் போன்ல சொன்னா, இறங்குது ஆன்ட்டின்னு. அன்னைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்குச்சு. இரும்புச்சத்து நிறையக் குடுங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார், நான் ஊர்க்காரங்க ஒருத்தர் மூலமா கட்டுக் கட்டா முருங்கைக்கீரை குடுத்தனுப்பினேன். "பாத்தியாடி, கீரை என்ன வேலை பண்ணுதுன்னு"ன்னேன்.

அவ மெதுவா, "இங்க அந்தத் தூசி இல்லல்ல ஆன்ட்டி"ன்னு சொன்னா.

குத்தணும்னு சொல்லல, அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்ல. அதுதான் எனக்கு ஆறல. சண்டை போட்டிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். கண்ணீரும் விட மாட்டா, கத்தவும் மாட்டா. கேஸ் போடுன்னு யார் யாரோ சொல்லியிருக்காங்க, போடல. அதை இளமுருகன் ஒருநாள் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

திரும்பி வந்துட்டாங்க. எடிசன்ல இருந்து வேலைக்குப் போக முடியல, அண்ணன் வீட்டுல எத்தனை நாள் இருக்கிறது? ஆனா குழந்தையைக் கீழ விடல. காலையில டே கேர், சாயங்காலம் நேரா மேல. இப்ப நடக்குறா. மேல தப் தப்புன்னு அடி வைக்கிற சத்தம் இந்த அறையில கேக்கும், நான் சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு மேல பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பேச்சு இன்னும் சரியா வரலைன்னு ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுக்குறா. அது சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும். என் தங்கச்சி மூணு வயசு வரைக்கும் பேசல, இப்ப அவ வாயை மூட முடியுதா? அதுக்கும் இதுக்கும் ஏன் முடிச்சுப் போடணும்?

போன ஞாயித்துக்கிழமை நிலவறையில அரிசி மூட்டையை நகத்தி வச்சுட்டு மேல ஏறி வர்றேன். வீட்டுக் கதவை யாரோ தட்டுற மாதிரி இருக்கு. தட்டுறது கீழ இருந்து, முழங்கால் உயரத்துல இருந்து. திறந்தா அவ நிக்கிறா. ஒத்தையா. மேல கதவு திறந்து கிடந்திருக்கு, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்கி வந்திருக்கா. என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் தூக்கிட்டா.

எத்தனை மாசம், சாரு! தூக்கணும்னு உடம்பு பூரா துடிக்குது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? இருடி, அங்கயே இருடின்னு சொல்லிட்டு அடுப்படிக்கு ஓடினேன். முழங்கால் வலியோட ஓடினேன். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேச்சேன். நகத்துக்குள்ள தேச்சேன். கழுவிட்டுத் திரும்பினா மேல போட்டிருந்த ஸ்வெட்டர் கண்ணுல பட்டுச்சு, நிலவறைக்குப் போட்டுட்டுப் போனது. அதையும் கழட்டி வாளியில போட்டுட்டு மறுபடி கையைக் கழுவினேன். அவ வாசல்ல நின்னு அழ ஆரம்பிச்சிட்டா. நான் வேணாம்னு ஓடிட்டேன்னு நெனச்சிருக்கும் அந்தப் பிஞ்சு.

அதுக்குள்ள கயல் படியில தடதடன்னு இறங்கி வந்தா, குழந்தையைக் காணோம்னு. வந்தவ அங்கயே நின்னுட்டா. கை ரெண்டுலயும் தண்ணி சொட்டச் சொட்ட நான் நிக்கிறேன். அவ என் கையைப் பாத்தா. வாளியைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் குழந்தையைத் தூக்கல, தள்ளி நின்னுக்கிட்டா.

"எடுத்துக்கோங்க ஆன்ட்டி"ன்னா.

ஈரக் கையோடதான் தூக்கினேன். ஜில்லுன்னு இருந்திருக்கும், உடம்பைச் சிலுத்துக்கிட்டுச் சிரிச்சா.

நீ என்ன கண்ணைத் துடைக்கிற? அழ இதுல என்ன இருக்கு? இந்தா, டெஸ்மண்டு நம்பர் எழுதிக்கோ. எவ்வளவு கேட்டாலும் அவனையே வச்சுக்கோ, சான்று இல்லாத எவனையும் ஜன்னல் பக்கம் விடாத, நீயும் தொடாத. நான் ஒண்ணும் அந்தச் சட்டம் சரின்னு சொல்லல. கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன். தூக்கி வளத்த பிள்ளையைத் தொடுறதுக்கு முன்னாடி என்னைக் குழாயடிக்கு ஓட வச்சுட்டாங்களே சாரு, அதைத்தான் என்னால பொறுக்கவே முடியல.